விற்பனை நிபந்தனைகள், திருத்தப்பட்டவை

பணம் ஏழு நாளுக்குள் வர வேண்டும்.
எட்டாம் நாள் தபால்தலை
மறுபடி பட்டியலுக்குப் போய்விடும்.
வங்கிக் கட்டணம் வாங்குபவர் தலையில்.
பதிவுத் தபால் என்றால் பொறுப்பு என்னுடையது,
சாதாரணத் தபால் என்றால் உங்களுடையது.
எடை கூடினால் கூலி கூடும்.

இப்படி எழுதிவைத்திருந்தாள்
பார்னுவில் உர்வெ தம்மிக்,
முப்பது வருடம் படகுத்துறையில் சீட்டுக் கிழித்தவள்.
ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் ஆள்.
ஏழு நாள் என்பது
‘நாளை அனுப்புகிறேன்’ என்று
ஐந்து மாதம் சொன்ன லியோன் பல் மருத்துவர்.
பொறுப்பு என்பது
வெறும் உறைதான் வந்தது என்று படம் அனுப்பியவன்.
படத்தின் மூலையில், அவன் மேசைமேல்,
அந்தத் தலை கிடந்தது.

பன்னிரண்டு யூரோவுக்கு ஒரு நெசவுக்காரி.
நூறு வயது.
துளையிட்ட ஓரம் இல்லை, கத்தரியால் வெட்டப்பட்டவள்.
கேட்டது எலாடியோ பாரியா, புன்டா அரேனஸ்.
பணம் பதினொரு நிமிடத்தில் வந்தது.
பதிவுத் தபால் வேண்டாம், என்று எழுதியிருந்தான்.
ஸ்டிக்கர் ஒட்டிய உறை எனக்கெதற்கு?
வெளியே நான்கு தலையாவது ஒட்டுங்கள்.
முத்திரை சுத்தமாக விழட்டும்.
தொலைந்தால் என் பாடு.
உங்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டேன்.

படித்துவிட்டேன் என்று
அதுவரை ஒருவரும் எழுதியதில்லை.

வேடிக்கைதான்.
தானே ஒரு காலத்தில் கூலியாக இருந்தவள்,
யாருடைய கடிதத்தையோ ஊர் சேர்த்தவள்,
இப்போது இரண்டு அட்டைக்கு நடுவே
சீமாட்டியாகப் படுத்துக்கொள்ள,
நான்கு இளசுகள் வெளியே
நனைந்துகொண்டு சுமக்கின்றன.

அஞ்சலகம் இப்போது பேரங்காடிக்குள்,
பால் அலமாரிக்குப் பக்கத்தில்.
மெரிக்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு
முத்திரையை அழுத்தினாள், நான்கு முறை.

நாற்பது நாள். எழுபது நாள்.
அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
‘ஆறாம் வரியைப் பார்க்க’ என்று பதில் போட்டுத்
தூங்கியிருப்பாள்.

நூற்றுப் பதின்மூன்றாம் நாள்
உறை அவள் கதவுக்கே திரும்பியது.
அவள் மேல்கொக்கி நீட்டி எழுதிய ஒன்று
அங்கே ஏழாகியிருந்தது.
முன்னால் அவள் ஒட்டிய நான்கு.
பின்னால் சாந்தியாகோ முத்திரை,
புன்டா அரேனஸ் முத்திரை இரண்டு தடவை,
ஒரு தபால்காரரின் பென்சில் கிறுக்கல்,
அனுப்பியவரைக் காட்டும் சிவப்பு விரல்,
ஊதா மையில் ‘அப்படி ஒருவர் இங்கில்லை’.

உள்ளே பன்னிரண்டு யூரோ.
வெளியே, நல்ல ஏலத்தில், அறுபது.

யாருடையது இது?
விற்றது தலையை, உறையை அல்ல.
ஆனால் கூலி கொடுத்தவன் அவன்.
ஒன்றை ஏழாக்கியது யார் என்பதற்கும்
நிபந்தனைகளில் இடமில்லை.
இரண்டு நாள் அதைச்
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.
வீட்டில் வேறு ஆள் கிடையாது.
யாரிடமிருந்து ஒளித்தாளோ.

மூன்றாம் நாள்
இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பினாள்.

பிரிக்காதீர்கள், என்றான்.
அப்படியே இன்னோர் உறைக்குள் வையுங்கள்.
கூலி எவ்வளவு?

சமையல் தராசில் ஐம்பத்தொரு கிராம்.
ஐம்பதைத் தாண்டினால் அடுத்த கட்டணம்.
வெளி அட்டையின் ஓரத்தை நறுக்கினாள்.
ஐம்பத்தொன்று.
இன்னொரு நூலிழை.
ஐம்பத்தொன்றேதான்.
சரி என்று
முழுக் கூலியையும் தானே போட்டாள்.
முகவரியில் ஒன்றை
வெறும் குச்சியாக இழுத்தாள்.

அன்றிரவு ஒரு வரி சேர்த்தாள்:
திரும்பி வரும் உறை வாங்கியவருக்கே,
அவர் கேட்காவிட்டாலும்.

பல் மருத்துவருக்கும் இது பொருந்துமா
என்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பொருந்தட்டும்.
ஏழு நாளை மட்டும் மாற்றவில்லை.